பாகங்களைக் குறி: தொழில்நுட்பப் படங்களில் பெயர், எண், கோடு

‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற வினாவைச் சந்திக்காமல் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர் இருக்க முடியாது. இதயம், பூவின் நீள்வெட்டுத் தோற்றம், மின்மோட்டார் என்று படம் மாறும். ஆசிரியர் சொல்லும் விதிகள் மாறா. கோட்டை ஸ்கேல் வைத்துப் போடு. ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது. பெயர்களை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது. கோட்டின் முனை பாகத்தைத் தொட வேண்டும், பக்கத்தில் போய் நின்றுவிடக் கூடாது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கண்டுபிடிப்பாளர்களுக்கு வகுத்திருக்கும் வரைபட விதிகளைப் படித்தால் நம் ஆசிரியரே பேசுவது போல இருக்கும். சுட்டும் கோடு இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும், பாகம் வரை நீள வேண்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டவே கூடாது என்கின்றன அவை. எண்ணின் உயரம் 0.32 செ.மீ.க்குக் குறையக் கூடாது, ஒரே பாகத்துக்கு எல்லாப் படங்களிலும் ஒரே எண் வேண்டும் என்பவை அவற்றில் கூடுதல்.

விதிகளை நன்றாகத்தான் கற்றோம். ஆனால் அந்த வினா ஒரு வேலை வரிசையையும் நம் கையில் பதித்துவிட்டது: முதலில் படம், பிறகு பாகம். கணினியில் வரையும்போதும் அதே வரிசைதான். பம்பின் வெட்டுத் தோற்றத்தை நாள் கணக்கில் வரைந்து, நிழல் கொடுத்து, மெருகேற்றி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் பெயர்களைத் திணிக்கிறோம். பக்கத்தில் இடம் இருக்காது. கோடு படத்தின் மேலேயே ஓடும். எழுத்து சிறுக்கும். அச்சுக்குப் போகும் நாளில் ஒரு பாகத்தின் பெயரை மாற்றச் சொல்வார்கள். அதை மாற்றினால் மற்ற நான்கும் நகரும். இப்படி வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் வருபவை அல்ல. குறிப்பைப் படத்தின் உறுப்பாக எண்ணாமல், படத்தின் மேல் ஒட்டும் சீட்டாக எண்ணுவதால் வருபவை.

பாகத்தின் பெயரைப் படத்திலேயே எழுதுவதா, எண் போட்டு விளக்கத்தைத் தனியே தருவதா என்பது இத்துறையின் மிகப் பழைய கேள்வி. 1543இல் பேசல் நகரில் வெளிவந்த வெசாலியஸின் உடற்கூற்று நூலில் எலும்பு, தசை, நரம்பு ஒவ்வொன்றின் மேலும் சிறு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. லத்தீன் எழுத்து போதாத இடத்தில் கிரேக்க எழுத்தும் வந்தது. எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்ற பட்டியல் படத்துக்கு வெளியே இருந்தது. மர அச்சின் நிழல் கோடுகளுக்குள் புதைந்து கிடக்கும் அந்த எழுத்துகளைத் தேடிப் பிடிப்பதே வாசகருக்கு ஒரு வேலை. ஆனால் அந்த முறைக்கு ஒரு பெரும் பலன் உண்டு. அந்நூலின் சுருக்கப் பதிப்பு அதே 1543இல் லத்தீனிலும் ஜெர்மனிலும் வெளிவந்தது. படத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பட்டியலை மட்டும் வேறு மொழியில் கோத்தால் போதும்.

சுரங்கத் தொழில் பற்றி அக்ரிகோலா எழுதிய நூல் இதற்கு இன்னும் நல்ல சான்று. 1556இல் லத்தீனில் வந்த அந்நூலின் மரச் செதுக்குப் படங்களில் ஏற்றப் பொறிகளும் நீர் இறைக்கும் சக்கரங்களும் எழுத்துக் குறிகளோடு நிற்கின்றன. மறு ஆண்டே ஜெர்மன் பதிப்பு வந்தது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றி ஹூவரும் 1912இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதும் அதே படங்கள், அதே எழுத்துகள். படத்தின் அடியிலிருந்த பட்டியல் மட்டும் ஆங்கிலமாயிற்று. 356 ஆண்டு கழித்தும் படம் மொழி மாறத் தயாராக இருந்தது. இன்று ஒரே பயனர் கையேட்டை முப்பது மொழிகளில் அச்சிடும் நிறுவனங்கள் எண்களை விரும்புவதற்கும் இதுவே காரணம்.

மறு கரையில் நிற்பது 1858இல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல். எழுதியவர் ஹென்றி கிரே. 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். அவர் படங்களில் பெயர் பாகத்தின் மேலேயே கிடக்கிறது. தமனியின் பெயர் தமனியின் வளைவோடு ஓடும். தசையின் பெயர் தசை நார்களின் போக்கில் சாயும். மரக்கட்டையில் இவை அத்தனையும் கண்ணாடி எழுத்தாக, பின்பக்கமாக வெட்டப்பட வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த உழைப்பு விளங்கும். பெயரைப் படத்தின் மேல் எழுதியவர்களில் அவரே முதலாமவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை ஒரு முழு நூலுக்கும் முறையாக்கி, மாணவர் கண் பட்டியலுக்கும் படத்துக்கும் இடையே அலையாதபடி செய்தது அந்த நூல். அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே கார்ட்டர் பம்பாய்க்கு மருத்துவப் பணிக்கு வந்துவிட்டார். மதுரையில் 1842இல் பதிவு செய்யப்பட்டதால் ‘மதுரைக் கால்’ என்று மருத்துவ உலகில் பெயர் பெற்ற பூஞ்சை நோயைப் பற்றி அவர் 1874இல் தனி நூலே எழுதினார். நம் ஊர் நோய்க்கு அப்படியொரு கை வாய்த்தது.

கிரே நூல் தமிழையும் எட்டியது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், கிரே உள்ளிட்டோரின் நூல்களைத் தழுவி 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற நூலை வெளியிட்டார். கார்ட்டர் முறையின் விலை இங்கேதான் தெரியும். பெயர் படத்துக்குள் இருந்தால், மொழிபெயர்ப்பவருக்கு உரை மட்டுமல்ல, படமும் வேலையாகிவிடுகிறது. வெசாலியஸ் முறையில் சிரமம் வாசகருக்கு. கார்ட்டர் முறையில் சிரமம் பதிப்பாளருக்கு. ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டாக இவ்விரண்டுக்கும் இடையேதான் இழுபறி.

வாசகர் பக்கத்துச் சிரமம் எவ்வளவு என்பதை ஆய்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லரும் பால் சாண்ட்லரும். மின்பணி பழகும் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குச் சோதனை முறைகளைக் கற்பிக்கும் தாள்களை அவர்கள் இரு விதமாகத் தயாரித்தனர். ஒன்றில் படம் ஒருபுறம், விளக்கம் ஒருபுறம். மற்றதில் விளக்கம் படத்துக்குள் அந்தந்த இடத்திலேயே. இரண்டாவது தாளைப் படித்தவர்கள் நன்றாகக் கற்றனர். பட்டியலில் ‘7’ என்று பார்த்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு படத்துக்குள் 7ஐத் தேடும் அந்தச் சில நொடிகளில், புரிந்துகொள்ளச் செலவாக வேண்டிய மூளை தேடுவதில் செலவாகிறது. 1992இல் அவர்கள் இதைக் கவனப் பிளவு என்று விரித்து எழுதினர். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பாட வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று இதே முடிவைச் சொல்வது: சொல்லும் படமும் அருகருகே இருக்க வேண்டும்.

ஆனால் அதே ஆய்வாளர்கள் 1991 கட்டுரையில் இன்னொன்றையும் காட்டினார்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதயத்தின் இரத்த ஓட்டப் படத்தில், அம்புக்குறியைப் பார்த்தாலே தெரிகிற செய்தியை மறுபடி வாக்கியமாக எழுதியபோது கற்றல் குறைந்தது. வாக்கியங்களை நீக்கியபோது கூடியது. ஆக, தேவையான பெயர் பாகத்துக்கு அருகில் இருக்க வேண்டும். தேவையற்ற சொல் எங்கேயும் இருக்கக் கூடாது. நம் பாடநூல் படங்களிலும் கருவிக் கையேடுகளிலும் எல்லாப் பாகத்துக்கும் பெயர் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் தெரிகிறது. பம்பில் மெக்கானிக்கல் சீல் எப்படி மாட்டுவது என்று விளக்கும் படத்தில் மோட்டாரின் விசிறி மூடிக்குப் பெயர் எதற்கு? அந்தப் படம் சொல்ல வந்த செய்திக்கு வேண்டிய பெயர்கள் மட்டும் நிற்கட்டும். என் கணிப்பில், கற்பிக்கும் படம் ஒன்று பத்துப் பன்னிரண்டு குறிப்புகளைத் தாண்டினால் அதை இரண்டு படங்களாகப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

எண்ணுக்கும் தனக்கே உரிய இடம் உண்டு. கோயம்புத்தூரில் தயாராகும் ஒரு பம்பின் உதிரிபாகப் படத்தை எடுத்துக்கொள்வோம். கேசிங், இம்பெல்லர், ஷாஃப்ட், சாவி, பேரிங், சீலின் நிலையான முகம், சுழலும் முகம், ஓ-ரிங், போல்ட், வாஷர் எல்லாம் ஒரே அச்சுக்கோட்டில் கழற்றி வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். இங்கே வாசகர் பாடம் கற்க வரவில்லை. கையில் தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு, அதே உருவத்தைப் படத்தில் தேடி, அதன் எண்ணைக் கடைக்குச் சொல்ல வந்திருக்கிறார். அவருக்குப் பெயரை விட எண்ணே உதவும். மேலும், எண் வழியாகப் பட்டியலுக்குப் போனால் அளவு, எண்ணிக்கை, மூலப்பொருள் எல்லாம் கிடைக்கும். இவற்றைப் படத்தில் எழுத முடியாது. இப்படிப்பட்ட பாக எண்களுக்கான ஐஎஸ்ஓ 6433 தரவிதி, எண்கள் மற்ற அளவுக் குறிப்புகளிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும் என்கிறது. அளவெழுத்தைப் போல இரு மடங்கு உயரம் வைக்கலாம், வட்டத்துக்குள் போடலாம், இரண்டையும் செய்யலாம். எண்களைப் படத்தைச் சுற்றிக் கண்டபடி சிதறாமல் நெடுவரிசையிலோ கிடைவரிசையிலோ நிறுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. விமானம், போர்க்கருவித் துறைகளின் எஸ்1000டி போன்ற மின்னணுக் கையேட்டு முறைகளில் படத்திலுள்ள எண்ணைத் தொட்டால் பட்டியலின் அந்த வரிக்கே போய்விடலாம். பட்டியல் தொலைவில் இருப்பதன் சிரமம் அங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. தாளில் அச்சிட்டால் தீராது.

அடுத்த கேள்வி, குறிப்பை எங்கே வைப்பது. இதை நெடுநாள் சிந்தித்தவர்கள் நிலப்பட வரைஞர்கள். சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர்களை வைக்கும் முறை பற்றி 1962இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை. எந்தப் பெயர் எதற்குரியது என்பதில் ஐயம் எழக் கூடாது, பெயர் படத்தின் மற்ற உருவங்களை மறைக்கக் கூடாது என்பவை அவருடைய முதன்மையான கவலைகள். 1972இல் பின்ஹாஸ் யோலி இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார். அது எளிதில் முடிகிற வேலை அல்ல என்பது பிறகே தெரிந்தது. பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் எல்லாவற்றுக்கும் மிகச் சிறந்த இடம் கண்டுபிடிப்பது, கணினியியலில் மிகக் கடினம் என்று வகைப்படுத்தப்பட்ட கணக்குகளில் ஒன்று என்பதை 1991இல் ஃபோர்மனும் வாக்னரும் ஒருபுறம், மார்க்ஸும் ஷீபரும் மறுபுறம் நிறுவினர். மென்பொருளில் ‘தானே அடுக்கு’ என்ற பொத்தானை அழுத்தியபின் நாம் கையால் திருத்த வேண்டியிருப்பது இதனால்தான். நிரல் எழுதியவரின் சோம்பல் அல்ல.

ஆனால் நம் பள்ளி ஆசிரியர் வழிக்கு, பெயர்களை எல்லாம் படத்துக்கு வெளியே ஒரு விளிம்பில் வரிசையாக நிறுத்தும் வழிக்கு, கணக்கு மிகவும் இளகிவிடுகிறது. பெகோஸ், காஃப்மன், சிம்வோனிஸ், வோல்ஃப் ஆகியோர் 2004இல் இதைத் தனி ஆய்வுத் துறையாகவே தொடங்கிவைத்தனர். அதிலிருந்து கைவேலைக்கு உதவும் ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொண்டால், அவற்றின் வெளிமுனைகளில் நிற்கும் பெயர்களை இடம் மாற்றுங்கள். அந்த வெட்டு போய்விடும். இரு கோடுகளின் மொத்த நீளமும் குறையும். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதை விடப் பெரிது என்ற பள்ளி வடிவியலே இதற்கு நிரூபணம். ஒவ்வொரு மாற்றத்திலும் மொத்த நீளம் குறைந்துகொண்டே போவதால், மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் வெட்டுகளே இல்லாத அடுக்கு கிடைத்துத்தான் ஆக வேண்டும். நேர்கோடுகள் இருக்கும்வரை இது எந்தப் படத்துக்கும் பொருந்தும். வெட்டும் கோடுகளைத் தவிர்க்கவே முடியவில்லை என்று வரைஞர் சொன்னால், அவர் பெயர்களின் வரிசையை மாற்ற மறுக்கிறார் என்றே பொருள்.

கோட்டைப் பற்றியும் தரவிதிகள் தெளிவாகவே பேசுகின்றன. ஐஎஸ்ஓ 128இன்படி, லீடர் எனப்படும் சுட்டும் கோடு பாகத்தின் உடலுக்குள் போய் முடிந்தால் முனையில் புள்ளி வேண்டும். பாகத்தின் விளிம்புக் கோட்டில் முடிந்தால் அம்புமுனை. அளவுக் கோட்டில் முடிந்தால் இரண்டும் வேண்டாம். மிகச் சிறிய வேறுபாடு, ஆனால் வாசகருக்குச் சொல்வது அதிகம். புள்ளி இருந்தால் ‘இந்தப் பரப்பு முழுவதும்’ என்று படிக்கலாம். அம்பு இருந்தால் ‘இந்த ஓரம்’. பெரும்பாலான படங்களில் எல்லாக் கோட்டுக்கும் ஒரே அம்பைக் கொடுத்துவிடுவதால் இந்தத் தகவல் வீணாகிறது. வெட்டுத் தோற்றத்தில் சாய்கோடுகள் 45 டிகிரியில் நிரப்பப்பட்டிருந்தால் லீடரும் 45 டிகிரியில் போகக் கூடாது. அது நிரப்புக்கோடுகளில் ஒன்றாகக் கரைந்துவிடும். லீடர் மெல்லிய கோடாக, பொருளின் விளிம்புக் கோட்டில் பாதித் தடிமனாக இருக்க வேண்டும்: விளிம்பு 0.5 மி.மீ. என்றால் லீடர் 0.25. இருண்ட பகுதிகளின் மேல் மெல்லிய கோடு மறைந்துபோகுமே என்றால், தடிமனைக் கூட்டுவது தீர்வல்ல. லீடரின் இருபுறமும் ஒரு மெல்லிய வெள்ளை ஓரம் விட்டால் போதும். கோரல் டிசைனர் போன்ற தொழில்நுட்ப வரைமென்பொருள்களில் இது ஓர் அமைப்பாகவே இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் அதே கோட்டை நகலெடுத்து, வெள்ளையாக்கி, தடிப்பாக்கி, அடியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தின் அளவில் நம்மவர்கள் செய்யும் பிழை, திரையில் தெரிவதை வைத்து முடிவு செய்வது. தரவிதியின் எழுத்து உயரங்கள் 2.5, 3.5, 5, 7, 10 மி.மீ. என்று போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்கும்போது சுருங்கும் விகிதமும் அதுவே. 3.5 மி.மீ. எழுத்து அப்போது 2.5 ஆகி, இன்னும் படிக்கும்படி இருக்கும். இதழின் ஒற்றைப் பத்தி அகலத்துக்கு அதே படத்தைப் பாதியாக்கினால் 1.75 மி.மீ. ஆகிவிடும். தமிழ் எழுத்துக்கு அது போதவே போதாது. மேலே இகர ஈகார விலங்கு, கீழே உகர ஊகாரச் சுழி, இவற்றோடு புள்ளி. அச்சில் முதலில் அடைபடுவது இவைதான். ஆகவே படம் அச்சில் எத்தனை மி.மீ. அகலத்தில் வரப்போகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு, அந்த அளவிலேயே பக்கத்தைத் திறந்து, அதில் வரையத் தொடங்குவது நல்லது.

இனி மென்பொருளுக்கு வருவோம். எண்ணற்ற மென்பொருள்கள் இருந்தாலும் அவற்றை அளக்க ஒரு கேள்வி போதும்: இந்தக் குறிப்புக்குத் தன் பாகம் எது என்று தெரியுமா?

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற பொது வரைமென்பொருள்களில் பெரும்பாலும் தெரியாது. எழுத்து ஒரு பொருள், கோடு இன்னொரு பொருள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தாலும், கோட்டின் மறுமுனை இம்பெல்லரைத் தொடுகிறது என்பது வரைந்தவருக்குத்தான் தெரியும், கோப்புக்குத் தெரியாது. இம்பெல்லரை நகர்த்தினால் கோடு வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். இங்க்ஸ்கேப்பின் இணைப்புக் கோட்டுக் கருவி பொருளைப் பின்தொடரும் என்றாலும், அது கட்டப்படங்களுக்கே பொருத்தம். ஒரு பாகத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றிக்கொள்ள அதை நம்ப முடியாது. வேர்டு, பவர்பாயிண்ட் போன்றவற்றில் உள்ள பேச்சுக்குமிழி வடிவங்களை ஆசிரியர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் தடித்த பெட்டியும் நிறமும் படத்தை விட முந்திக்கொண்டு கண்ணில் படுகின்றன. பெட்டியின் நிறத்தையும் ஓரக்கோட்டையும் நீக்கி, வெறும் எழுத்தும் மெல்லிய கோடுமாக வைத்துக்கொண்டால் அவையும் ஓரளவு உதவும்.

ஆட்டோகேடில் நிலைமை மேல். அதன் 2008 பதிப்பில் வந்த மல்டிலீடர், எழுத்தையும் கோட்டையும் அம்பையும் ஒரே பொருளாக்கியது. பல லீடர்களைத் தேர்ந்தெடுத்து ஒரே வரிசையில் நிறுத்தும் கட்டளையும், பல பலூன்களை (வட்டத்துக்குள் இட்ட எண்களை) ஒரே கோட்டின் முனையில் சேர்க்கும் கட்டளையும் அதோடு வந்தன. அளவு விகிதம் மாறினாலும் அச்சில் எழுத்து ஒரே உயரத்தில் வரும்படி அமைக்கும் வசதியும் அதே பதிப்பில்தான். சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் பலூன் பாகத்தின் விளிம்பையே பற்றிக்கொள்கிறது. அதன் எண் பாகப் பட்டியலிலிருந்து வருகிறது. பட்டியலில் வரிசை மாறினால் படத்தில் எண் மாறும். இதில் எண்பிழை வருவது மிக அரிது. பணம் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஃப்ரீகேடின் டெக்டிரா பகுதியில் பலூன் கருவி உண்டு. பாலிடெக்னிக் மாணவர்கள் அதிலேயே பழகலாம்.

கோரல் டிசைனர், பிடிசி நிறுவனத்தின் ஐசோடிரா போன்றவை இவ்விரண்டுக்கும் நடுவில், கையேட்டுப் படங்களுக்கென்றே இருப்பவை. கால்அவுட், அதாவது கோட்டோடு கூடிய குறிப்பு, அவற்றில் ஒரு முழுமையான கருவி. விலைதான் சிறு நிறுவனங்களுக்கு எட்டாது. ஆனால் ஒழுங்காக வேலை செய்பவர் இங்க்ஸ்கேப்பிலேயே அதே பலனை எட்டலாம். படம் ஒரு லேயர், கோடுகள் ஒரு லேயர், எழுத்துகள் ஒரு லேயர். வரையத் தொடங்கும் முன்பே இருபுறமும் பெயர்களுக்கான வழிகாட்டிக் கோடுகளைப் போட்டு, இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். எழுத்து நடை ஒன்று, கோட்டு நடை ஒன்று என்று முதலிலேயே வரையறுத்து, அதையே எல்லாப் படத்துக்கும் நகலெடுக்க வேண்டும். நான் பார்த்தவரை, மென்பொருளை மாற்றுவதால் கிடைக்கும் பலனை விட இந்த ஒழுங்கால் கிடைக்கும் பலன் அதிகம்.

தமிழில் குறிப்பு எழுதுவோருக்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. மென்பொருள்களின் வழிகாட்டி நூல்கள் இவற்றைப் பேசுவதில்லை. முதலாவது நீளம். ‘எண்டோபிளாச வலைப்பின்னல்’ என்பதை ஒரு செல்லின் படத்துக்கு அருகில் வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது பாடநூல் வரைஞருக்குத் தெரியும். இடம் போதாதபோது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கும் பழக்கம் நம் டிடிபி அறைகளில் ஊறிப்போயிருக்கிறது. நசுக்கினால் ‘ண’வும் ‘ன’வும் வேறுபாடு இழக்கும். இரண்டு வரியாக, சொற்களுக்கு இடையில் மட்டும் மடக்கி எழுதுவதே சரி. அப்போது கோடு முதல் வரியின் நடு உயரத்தில் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது எழுத்துரு. ஆட்டோகேடின் பழைய எஸ்எச்எக்ஸ் கோட்டு எழுத்துருக்களில் தமிழ் இல்லை. விண்டோஸோடு வரும் நிர்மலா போன்ற ஒருங்குறி எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருங்குறியில் ‘கெ’ என்பதில் ‘க’ முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. இங்க்ஸ்கேப் அதைத் தானாகவே செய்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். இது தெரியாமல், ‘தமிழ் சரியாக வராது’ என்று பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கே திரும்பிவிட்டவர்கள் ஏராளம்.

அங்கிருந்துதான் மூன்றாவதும் மிகப் பெரியதுமான சேதம் வருகிறது. பாமினியில் எழுதிய குறிப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அச்சகத்தில் அப்படி நேராமலிருக்க, கோப்பை அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கிவிடுகிறார்கள். அந்த நொடியில் ‘மெக்கானிக்கல் சீல்’ என்பது சொல்லாக இருப்பது நின்று, வளைகோடுகளின் கூட்டமாகிவிடுகிறது. எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. தேட முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. அடுத்த பதிப்புக்கு வேறொருவர் மொத்தத்தையும் மறுபடி தட்டச்சு செய்வார். புதிய பிழைகள் வரும். கர்வ் ஆக்குவதற்கு இருந்த காரணமும் இன்று இல்லை. ஒருங்குறியில் எழுதி, எழுத்துருவை உள்ளடக்கிப் பிடிஎஃப் ஆக்கினால் எந்த அச்சகத்திலும் அது அப்படியே வரும். அச்சகம் வற்புறுத்தினால் நகலை மட்டும் கர்வ் ஆக்கித் தாருங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

எழுத்து எழுத்தாகவே இருந்தால் வெசாலியஸுக்கும் கார்ட்டருக்கும் இடையிலான பழைய இழுபறியே முடிவுக்கு வரும். எஸ்விஜி கோப்பு வடிவத்தில், ஒரே குறிப்புக்குப் பல மொழிகளில் பெயர் எழுதி, மொழியைப் பொறுத்து எது தோன்ற வேண்டும் என்று சொல்ல வழி இருக்கிறது. விக்கிமீடியா அதைப் பயன்படுத்துகிறது: ஒரே செல் படம், ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆங்கிலப் பெயர்களோடும் தமிழில் தமிழ்ப் பெயர்களோடும் தோன்ற முடியும். வரையத் தெரியாதவரும் பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து தமிழாக்க அங்கே ஒரு கருவியும் உண்டு. பெயர் பாகத்தின் அருகிலேயே நிற்கிறது. ஆனாலும் படம் எந்த மொழிக்கும் போகும். மரக்கட்டையில் முடியாதது இது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மிக நீளமான மொழிக்கும் போதுமான இடத்தை வரைஞர் முதலிலேயே விட்டிருக்க வேண்டும். அந்த நீளமான மொழி பெரும்பாலும் தமிழாகவே இருக்கும்.

ஆகவே தமிழில் பாடநூலும் கருவிக் கையேடும் தயாரிப்போரிடம் கேட்பது இதுதான். வரையும் முன்பே பெயர்களின் பட்டியலை எழுதி, அவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். கற்பிக்கும் படத்தில் பெயரையும், உதிரிபாகப் படத்தில் எண்ணையும் வையுங்கள். குறிப்புகளை ஒருங்குறியில், தனி லேயரில், திருத்தக்கூடிய எழுத்தாக வைத்திருங்கள். அரசுப் பணத்தில் வரையப்படும் பாடநூல் படங்களின் மூலக் கோப்புகளை அந்த வடிவத்திலேயே பொதுவில் வெளியிடுங்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதே படத்தில் தங்கள் பாடத்திட்டத்தின் சொற்களைப் போட்டுக்கொள்வார்கள்.